கார்ட்டூன் கதை மட்டும் வேணாம்

"வாப்பா, வாறவங்களுக்கு முன்னால கார்ட்டூன் கதை மட்டும் கதைக்கப்படாது. சரியா?"

கிளாஸ்களைத் துடைத்தபடி ஸல்ஹா மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

"அது கார்ட்டூன் இல்ல மகள். ஜப்பான்காரன் கையால கீறின படம்" என்றார் ஸஜ்ஜாத்.

"என்னவோ! அம்பத்தாறு வயசு மனுசன் பொம்மைப் படம் பாத்து அழுவுறாரெண்டு தெரிஞ்சா ஆக்கள் என்ன நினைப்பாங்க? போன மாசம் மூதூரால வந்தவங்களுக்கு முக்கால் மணித்தியாலம் படக்கதை சொன்னீங்க. அதுக்குப் பிறகு அவங்க ஃபோனே எடுக்கல்ல."

ஸஜ்ஜாத் சட்டைக் கையின் பொத்தானைப் போட்டார். மகள் சொல்வது நியாயம்தான்.

துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்களை இழுத்து வரும் படகில் முப்பது வருடமாக வேலை செய்கிறவர் அவர். போன வருடம் படகு கட்டும் ஜெட்டியில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. இரண்டு மாதம் கட்டிலோடு கிடந்தார். மனைவி மௌத்தாகி, அடக்கம் செய்து ஆறு வருடம். ஸல்ஹாவும் ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் கந்தோருக்கு வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் அவரும் மின்விசிறியும்தான். ஒருநாள் மகளின் பழைய லெப்டொப்பில் எதையோ அழுத்தப்போய், ஒரு ஜப்பான் படம் ஓடத் தொடங்கியது. நிறுத்தத் தெரியாமல் பார்த்தார். கால் சுகமான பிறகும் அவர் நிறுத்தவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது.

கிண்ணியாவிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நஜ்முன் நிஸா டீச்சர், அவர் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் ஜவாஹிர் ஹாஜியார், டீச்சரின் மகன் அஸ்ஹான். வங்கியில் வேலை செய்யும் அஸ்ஹான்தான் காரை ஓட்டி வந்தான். ஸல்ஹா சர்பத் கலக்கி வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குசினிக் கதவோரம் நின்றாள். இந்தச் சம்பந்தமாவது சரிவர வேண்டும் என்று மனதுக்குள் துஆ கேட்டாள்.

ஸலாம் சொல்லி, மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் கதைத்து முடிந்தது.

"கால் முறிஞ்செண்டு கேள்விப்பட்டம். இப்ப எப்பிடி?" என்று கேட்டார் ஹாஜியார்.

"அல்ஹம்துலில்லாஹ். வேலைக்குப் போறன்."

"ரெண்டு மாசம் படுக்கையில. பொழுது எப்பிடிப் போனது?"

குசினிப் பக்கமிருந்து ஸல்ஹா பலமாக இருமினாள்.

"டீவி பாத்தனான்..."

"நியூஸா?"

"ஓம்... இல்ல." ஸஜ்ஜாத் கதிரையில் நெளிந்தார். "பொய் சொல்ல ஏலாது ஹாஜியார். ஜப்பான் கார்ட்டூன் படம் பாத்தனான்."

ஸல்ஹாவின் கையிலிருந்த தட்டில் சர்பத் கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதின. அஸ்ஹான் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

"சின்னப் பிள்ளைகள் பாக்கிறதா?" ஹாஜியாரின் புருவம் உயர்ந்தது.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். முதல் பாத்த படத்தில ஒரு கிழவன் படகக் கரையில கட்டுறான். மற்றப் படங்கள்ல ஹீரோ கயித்த ரெண்டு சுத்துச் சுத்திட்டுப் போயிடுவான். அந்தப் படகு பத்து நிமிசத்தில நடுக்கடல்ல நிக்கும். இதில அப்பிடி இல்ல. முடிச்சு சரி! நான் முப்பது வருசமாப் போடுற அதே முடிச்சு. ஆரோ ஒருத்தன் எங்கட தொழில உத்துப் பாத்துக் கீறியிருக்கான்."

ஸல்ஹா மறுபடி இருமினாள். அவர் காதில் விழவில்லை.

"பிறகு அந்தக் கிழவன் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி ஊத்துறான். பாட்டுமில்ல, பேச்சுமில்ல. தண்ணி கொதிக்கிற சத்தம் மட்டுந்தான். ரெண்டு கோப்பை எடுக்கிறான். கொஞ்சம் நிண்டு யோசிச்சிட்டு, ஒண்டத் திருப்பி அலுமாரிக்குள்ள வைக்கிறான்." அவர் குரல் இறங்கியது. "ஆறு வருசமா எனக்குச் சொல்லத் தெரியாத ஒண்ட, அவன் ஒரு நிமிசத்தில கீறிட்டான் ஹாஜியார்."

ஸல்ஹா கண்ணை மூடிக்கொண்டாள். இதுவும் போச்சு.

அதுவரை வாயே திறக்காத நஜ்முன் நிஸா டீச்சர் நிமிர்ந்தார்.

"கடைசியில மழைக்குள்ள ஆட்டுக்குட்டிக்குக் குடை பிடிப்பாரே, அந்தப் படமா?"

ஸஜ்ஜாத் கதிரை விளிம்புக்கே வந்துவிட்டார். "டீச்சரும் பாத்தனீங்களா?"

"நாலு தரம். வகுப்புப் பிள்ளைகள் கதைச்சாங்க, என்னெண்டு பாப்பமெண்டு தொடங்கினனான். அந்த ஆட்டுக்குட்டி தும்முற இடத்தில சிரிச்சுச் சிரிச்சே அழுதிட்டன்." டீச்சர் மகனை ஓரக்கண்ணால் பார்த்தார். "இவன்தான், 'உம்மா, அங்க போய்க் கார்ட்டூன் கதை எடுக்கப்படாது'ண்டு கிண்ணியாப் பாலம் தாண்டும் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தவன்."

அஸ்ஹானின் முகம் சிவந்தது. கதவோரம் ஸல்ஹா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு கதையை நிறுத்த ஒருவராலும் முடியவில்லை. ஆட்டுக்குட்டியிலிருந்து அந்தப் படத்தில் கீறியிருந்த மழை மேகத்துக்கும், மேகத்திலிருந்து அடுத்த படத்துக்கும் போனார்கள். சர்பத்தில் போட்ட ஐஸ் முழுக்கக் கரைந்தது. ஹாஜியார் இரண்டு தடவை கொட்டாவி விட்டார். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"என்ன நிஸா, வந்த விசயத்துக்கு என்ன சொல்றாய்?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குச் சம்மதம் காக்கா."

ஸல்ஹாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அஸ்ஹான் எழுந்து குசினி வாசலுக்கு வந்தான்.

"அப்ப சொல்லுங்க தங்கச்சி" என்றான் சிரித்தபடி. "எங்கட உம்மாவுக்கும் உங்கட வாப்பாவுக்கும் நிக்காஹ்வ எந்த மாசம் வைப்பம்?"