கேட்டில் தொங்கிய சட்டைகள்

தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையின் சுவரில் சூப்பர்வைசர் நோட்டீஸ் ஒட்டினார்.

“முதலாளி உள்ளேயே கேன்டீன் திறந்துட்டார். எங்க ஆளுங்க நாளையிலேர்ந்து இங்க சாப்பிடக் கூடாதாம்.”

“இத்தனை வருஷம் இங்க உக்காந்து சாப்பிட்ட வாயா இதைச் சொல்லுது?” கடைக்கார அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள்.

“ஒரு வார்த்தை விடாம படிங்கக்கா.”

“படிக்கிறேன், பாரு!” நோட்டீஸைக் கிழித்து அவர் கண்ணெதிரிலேயே அடுப்பில் போட்டாள். “போய்ச் சொல்லு தம்பி. நாளைக்கும் இதே அண்டாதான் அடுப்புல ஏறும். ஒரு பிடி அரிசி குறையாது.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

சொன்னபடியே சமைத்தாள். மறுநாள் மதியம் சங்கு ஊதிப் பத்து நிமிடமாகியும் பெஞ்சுகள் காலியாகவே கிடந்தன.

“எவனும் வர வேணாம். நானே தின்னு தீர்க்கிறேன்!” என்று ஒரு தட்டை எடுத்தாள்.

அப்போது கேட் திறந்தது. நாற்பது பேர் வெறும் பனியனோடு சாலையைக் கடந்து வந்தார்கள். அவர்கள் கழற்றிய நீலச் சட்டைகள் கேட் கம்பிகளில் வரிசையாகத் தொங்கின. வாட்ச்மேன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னடா இது கோலம்?”

“கம்பெனிச் சட்டையோட வெளிக்கடையில சாப்பிடக் கூடாதுன்னுதானேக்கா உள்ளேயும் ஒட்டின நோட்டீஸ்ல இருந்துச்சு?” என்றான் வெல்டர்.

“எந்தப் புண்ணியவான்டா அப்படி எழுதினான்?”

கூட்டத்தின் கடைசியில், பனியனோடு நின்றிருந்த சூப்பர்வைசர் தட்டை நீட்டினார்.

“மூணு நாள் யோசிச்சு எழுதினேங்கக்கா. அதைத்தான் நீங்க அடுப்புல போட்டீங்க.”