ஓரத்து அறைப் பை

மேஸ்திரி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக் குப்பைக் கொட்டகையில் அவளோடு வேலை செய்தவர்கள் கைவேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன மேஸ்திரி, இந்த வயசுல கையப் பிடிக்கறீங்க?" என்றான் வண்டி தள்ளுகிறவன். மேஸ்திரி நடையைக் கூட்டினார்.

அவள் உதறிப் பார்த்தாள். உடும்புப்பிடி. கிழிந்த கையுறைக்குள் விரல் நுனியில் ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

"விடுங்க மேஸ்திரி. ஊசி லேசாத்தான் குத்துச்சு. கழுவிட்டேன்."

"எந்த ரூம் பை?"

"மேல்மாடி ஓரத்து ரூம். பை பத்தலை, அமுக்கி அடைங்கன்னு நீங்கதான சொன்னீங்க? பஞ்சுதான்னு நெனச்சு அமுக்கினேன். உள்ள ஊசியப் போட்டு வச்சிருக்கான் எந்தப் புண்ணியவானோ."

மேஸ்திரியின் முகம் செத்துப்போனது. "அவசர வார்டுல மருந்து இருக்கு. உடனே போட்டாத்தான் கேக்கும். நட."

அவள் பின்னுக்கு இழுத்தாள். வார்டில் காட்டினால் காண்ட்ராக்டர் காதுக்குப் போகும். போனால் சீட்டு கிழியும். போன மழைக்காலத்தில் இதே கொட்டகையில் ஊசி குத்துப்பட்ட குட்டச்சியிடம், "பிதுக்கி விட்டுட்டு வேலையப் பாரு" என்ற அதே மேஸ்திரிதான் இவர். முட்டிவலிக்காரர், இருந்தும் சில நாளாக மேல்மாடிக்கு ஏறி ஏறி இறங்குகிறார். ஆளைக் குறைக்க வேவு பார்க்கிறார் என்றுதான் கொட்டகையில் பேச்சு.

"என்னைக் கழட்டி விடத்தான கூட்டிட்டுப் போறீங்க? ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போய் நிப்பேன்?"

"உன் வேலைக்கு நான் பொறுப்பு. வாம்மா."

"குட்டச்சிக்கு இல்லாத மருந்து எனக்கு மட்டும் எதுக்கு?"

மேஸ்திரி நின்றார். மூச்சு வாங்கியது. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ரூம்ல இருக்கறவனுக்கு எச்.ஐ.வி."

அவள் ரத்தம் கசிந்த விரலைப் பார்த்தாள். ஆனாலும் அவரை நம்ப மனம் வரவில்லை.

"சும்மா பயங்காட்டாதீங்க. யாருக்கு என்ன நோயின்னு எந்த டாக்டரும் நம்மகிட்ட வாயத் திறக்க மாட்டாங்க. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

மேஸ்திரி அவள் கையை விட்டார்.

"அங்க படுத்திருக்கறது என் மகன்மா."