பதினெட்டு டிக்

"ஒரு கட்டம்கூடக் காலியா இல்லையே!" என்று பதிவேட்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார் சோதனை அதிகாரி. திங்கள் முதல் இன்று சனி வரை, காரைத் தூக்கும் மூன்று லிப்டுக்கும் தினம் ஒரு டிக். பதினெட்டும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில் வரிசை பிடித்து நின்றன.

போர்மேன் சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை. இரண்டு பேர் லீவில் போனதால் ஆறு நாளாக அவர்கள் வேலையையும் அவரே இழுத்துப்போட்டுச் செய்துகொண்டிருந்தார். பாதம் இரண்டும் வீங்கி, ஷூவுக்குள் அடங்க மறுத்தன.

அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் திங்கட்கிழமை பட்டறை திறக்கும். போடாவிட்டால் ஒரு மாதம் மூடிக் கிடக்கும். ஆறு பேர் வீட்டு அடுப்பும்தான்.

"ஏடு இருக்கட்டும். லிப்டைக் காட்டுங்க."

முதல் லிப்டில் ஒரு காரை ஏற்றினார்கள். தாங்கும் கைகள் நான்கும் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று போர்மேன் குனிந்து தடவிப் பார்த்தார். சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதும் நிறுத்தி, காரை ஆட்டிப் பார்த்து, அதற்கப்புறம்தான் தலைக்கு மேல் தூக்கினார். தூக்கிய கார் இறங்கிவிடாமல் பிடிக்கும் லாக் விழும் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். 'டக்' என்று விழுந்தது.

"இந்தச் சத்தம் கேட்காம அடியில ஆள் போனா?"

"போக விடமாட்டேன் சார். முதலாளியே வந்து நின்னாலும் விடமாட்டேன்."

அது வாய்ச்சவடால் இல்லை. இந்த வாரம்தான் அதே விஷயத்துக்காக முதலாளியோடு மல்லுக்கு நின்று, வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசியில் தான் நினைத்ததைச் சாதித்திருந்தார். வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. பேனாவைத் தொட்டால்தான் மனிதருக்குக் கொட்டாவி வரும்.

இரண்டாவது லிப்டும் தேறியது. பட்டறையின் கோடியில், தரையில் நின்ற ஒரு காருக்குள் ஸ்கேனரை மாட்டி உட்கார்ந்திருந்தாள் டாக்டரம்மா. இன்ஜின் கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்லும் மெக்கானிக்குக்குப் பட்டறை வைத்த பெயர் அது. ஸ்கேனர் ஒயர் யார் காலிலும் சிக்காதபடி சுருட்டி மடியில் வைத்திருந்தாள். காருக்கு இருபுறமும் பக்கெட்டுகள் கவிழ்ந்து கிடந்தன.

"இதெல்லாம் என்ன?"

"தரையில போல்ட் நீட்டிக்கிட்டு இருக்கு சார். யாரும் இடறி விழுந்துடக் கூடாதுன்னு கவிழ்த்து வெச்சிருக்கோம்" என்றாள் அவள்.

அதிகாரிக்குப் பரம திருப்தி. அவருக்கும் முழங்கால் வலி. ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து, பையிலிருந்து சான்றிதழை எடுத்தார்.

"எங்க போனாலும் ஏட்டுல டிக் இருக்கும், லிப்டைப் பார்த்தா அழுகை வரும். எதை வேணும்னாலும் மன்னிச்சுடுவேன். பார்க்காமலே டிக் போடுறவங்களை மட்டும் விடமாட்டேன். அன்னிக்கே சீல்தான்." பேனா மூடியைக் கழற்றினார். "இன்னிக்குக் காலையிலயும் மூணையும் பார்த்துட்டுத்தானே போட்டீங்க?"

"பார்க்காம டிக் போடுற பழக்கமே நமக்குக் கிடையாது சார்."

அசதியில் வாய் தானாகவே சொல்லிவிட்டது. போர்மேனின் நினைப்பெல்லாம் வீட்டில் இருந்தது. ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் யாரோடும் பேசாமல் இருக்க வேண்டும்.

பேனா முனை காகிதத்தைத் தொட்டது. பிறகு நின்றது.

"ஆமா, மூணாவது லிப்டை நான் இன்னும் பார்க்கலையே. எங்க இருக்கு?"

போர்மேன் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார். திங்கட்கிழமை காலையில் பதிவேட்டோடு உட்கார்ந்து ஒரே மூச்சில் பேனாவை ஓட்டிய அந்த ஐந்து நிமிடம் கண்முன் வந்து போனது.

டாக்டரம்மா கார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்ளப் போர்மேன் அண்ணன் கூச்சப்படுகிறார் என்று நினைத்த அவளுக்குப் பொறுக்கவில்லை.

"லாக் சரியா விழலைன்னு அதை வியாழக்கிழமையே கழட்டி ரிப்பேருக்கு அனுப்பிட்டார் சார், எங்க அண்ணன்!"