துள்ளாத இருபது

இருபது பேரும் செத்துக் கிடந்தார்கள். வைஜெயந்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் எண்ணினாள். ஒருவர்கூட மிஞ்சவில்லை.

பேர் என்று எண்ணுவது அவளுடைய பழக்கம். கிடந்தவை நீர்த்தெள்ளுகள், கடுகில் பாதிகூட இருக்காத, தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்துகிற ஜீவன்கள். சோப்பும் சலவைத்தூளும் கலந்த கழிவுத் தண்ணீரில் அவற்றை இரண்டு நாள் விட்டுப் பார்த்தால் போதும், அந்தத் தண்ணீரின் யோக்கியதை தெரிந்துவிடும். தீவின் டெலானிபூர் மேட்டில் இருந்த அந்தச் சின்னப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு அதுதான் வேலை.

செத்ததுகூடப் பெரிதில்லை. குவளையில் ஒட்டியிருந்த பெயர்தான் சிக்கல்: சிவஞானம் லாண்டரி, டெய்ரி ஃபார்ம் ஏரியா.

சிவஞானம் அண்ணாச்சிதான் அவள் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர்; மனைவியோடு பக்கத்திலேயே இருந்தார். ஹோட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற அவருடைய லாண்டரி வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. கழிவுத் தண்ணீர் கொல்லைக் குழியில் விழுந்து மண்ணுக்குள் இறங்கிவிடும். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று ஊரே குடத்தோடு காத்துக்கிடக்க, தன் வீட்டுக் கொல்லைக் கிணற்றை அவளுக்குத் திறந்துவிட்டவர் அவர். கணவன் சுதாகர் கப்பல் வேலைக்குப் போனால் மாதக்கணக்காகும். பன்னிரண்டு வயது மகள் திவ்யாவோடு தனியாக இருக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்!

அந்த நன்றிதான் அன்றைக்கு அவள் வாயை அடைத்தது. மாதிரித் தண்ணீரைக் கூடத்து ஆள்தான் நேரில் போய்ப் பிடிக்க வேண்டும் என்பது விதி. "நீ என்னத்துக்கு தாயி வெயில்ல வாரே? நானே கேன்ல பிடிச்சுக் கொண்டாந்து தாரேன்" என்றார் அண்ணாச்சி. அவளும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டாள்.

இப்போது முன்னே போனால் முட்டுகிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. 'தேறவில்லை' என்று எழுதினால் லாண்டரியின் உரிமம் போகும். அதோடு அவளுக்கு வீடும் போகும், கிணறும் போகும். 'தேறியது' என்று எழுதினால் பத்து வருஷம் கட்டிக் காத்த பெயர் போகும். பெரிய அதிகாரியோ கடல் தாண்டி மெயின்லேண்டில் இருக்கிறார், பொறுப்பைத் தள்ளிவிடக்கூட ஆள் இல்லை.

போன் அடித்தது. திவ்யா.

"அம்மா, தலையில நுரை போகவே மாட்டேங்குது. ஸ்கூல் பஸ் வந்துரும்!"

"ஷாம்பூ பாக்கெட்ட முழுசாக் கொட்டிக்கிட்டியா?"

"இல்லம்மா, பாதிதான்!"

"பொய் சொல்லாதடி. இன்னும் ரெண்டு வாளி ஊத்திட்டுக் கிளம்பு."

அவள் போனை வைக்கவும் அண்ணாச்சி உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. சம்பந்தம் பேச வந்தவர் போல வெள்ளை வேட்டி, கையில் ஸ்வீட் பெட்டி, முகம் நிறையச் சிரிப்பு.

"என்ன தாயி, ரிப்போர்ட் டீக் ஹை தானே? பக்கா பாஸ்தானே?"

வைஜெயந்தி பெட்டியை வாங்கவில்லை. "இல்ல அண்ணாச்சி. எல்லாம் செத்துப்போச்சு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சும்மா வெளையாடாத. அந்தத் தண்ணியில எப்படிச் சாகும்?"

அவள் குவளையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது; விரிப்புகளைக் கடைசியாக அலசின தண்ணீராக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அடியில் மட்டும் இருபது வெள்ளைப் புள்ளிகள். அண்ணாச்சியின் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"குவளைய சோப்புப் போட்டுக் கழுவியிருப்பே."

"இந்த ரூமுக்குள்ள சோப்பே வராது அண்ணாச்சி. அந்தா, பக்கத்துக் குவளையில இருக்கது இங்கத்த நல்ல தண்ணி. இருபதும் துள்ளுது பாருங்க."

பார்த்தார். நெற்றி முழுக்க வியர்த்துவிட்டது. "இன்னும் ஒருக்காப் பண்ணிப் பாரேன் தாயி."

"ரெண்டாவது தடவை பண்ணினதுதான் இது. முதல் தடவையும் ஒண்ணுகூடப் பிழைக்கல."

அவர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். அடுத்து மிரட்டுவார், வீட்டைக் காலி பண்ணு என்பார் என்று அவள் பயந்துகொண்டே நின்றாள். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் பொய் எழுதக் கை வரவில்லை. 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுறேன்."

அவர் அந்தக் காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கண் குவளையிலேயே நிலைகுத்தி நின்றது.

"வீட்டுக்குப் போன் போடு தாயி" என்றார், வறண்ட குரலில். "திவ்யாவ ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க வேண்டாம்னு சொல்லு. உங்க மதினிகிட்டயும் சொல்லச் சொல்லு."

"எதுக்கு அண்ணாச்சி?"

"கேன்ல நான் பிடிச்சிட்டு வந்தது நம்ம கெணத்துத் தண்ணி."