காலியாக விட்ட ஒரு கட்டம்

"5 மார்ச் 2041. நேற்று மாலை வகுப்பு மாணவர் எண்ணிக்கையை நிரப்ப மறந்துவிட்டேன். தவறு என்னுடையது."

பகலில் கல்லூரி அலுவலகத்தில் புள்ளிவிவரம் ஏற்றி, மாலையில் அங்கேயே பி.காம். படிக்கும் இன்பவல்லி இதை அலுவலகக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, இது போதுமா என்று யோசித்தாள். காலிக் கட்டத்தை, ஒரே மாதிரியான கல்லூரிகளை ஒப்பிட்டு வகுப்புகளை நடத்தவோ மூடவோ சொல்லும் பொதுத்தளம் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. அதைக் காட்டி, இந்தக் கல்லூரியைப் போன்ற ஒன்பது கல்லூரிகளிலும் மாலை வகுப்பு நேற்றே தானாக மூடப்பட்டுவிட்டது. இன்று காலை அவள் எண்ணைத் திருத்தினாள். அதற்குள் தளம் அந்த ஒன்பதையும் காட்டி, இங்கேயும் திங்கள் முதல் மூடச் சொல்லியிருந்தது.

"அவங்க நம்மளப் பாத்துத்தானே சார் மூடுனாங்க?" என்று கேட்டாள்.

"அது தளத்துக்குத் தெரியாதேம்மா. அதுல ஒண்ணாவது திறந்திருந்தா நம்மள விட்டுரும்," என்றார் முதல்வர் செபாஸ்டின்.

அன்று மாலை வகுப்பில் பக்கத்து பெஞ்சு வெல்டர் குருசாமி சிரித்தார். "ஒத்தக் கட்டத்த விட்டு ஒம்போது ஊர மூடிட்டியே தாயி!" வகுப்பு முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்தபடி கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்பவல்லி கடைசி வரியை எழுதினாள்.

"நாளை: ஒன்பது கல்லூரிகளுக்கும் போன் செய்ய வேண்டும். யாராவது ஒருவர் முதலில் திறக்கச் சம்மதிக்கும்வரை பேச வேண்டும்."