பொட்டு வைத்த டேங்க்

முதல் முறை படகு நடுக்கடலில் நின்று திரும்பியபோது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கரையிலிருந்த குப்பை டிரம்மில் எறிந்தார்கள். இரண்டாம் முறை நின்றபோது ஃபில்டரை எறிந்தார்கள். மூன்றாம் முறை கார்புரேட்டரை எறிந்தார்கள். நான்காம் முறை படகைக் கரைக்கு இழுத்து வந்தபோது, இனி தன் தலைதான் உருளும் என்று பெட்ரோல் பம்புக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, உங்கள் வயிற்றின் அடியில் பெட்ரோலோடு தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. படகு நிற்பது அதனால்தான். நீங்கள் ஒப்புக்கொண்டால் நான் பிழைப்பேன்" என்று அது பெட்ரோல் டேங்கிடம் கெஞ்சியது.

"என் நெற்றியில் குங்குமம் இருக்கிறது, பார்த்தாயா? பூசை போட்ட என்னைக் கவிழ்த்துப் பார்க்க எவனுக்கடா கை வரும்?" என்று சிரித்தது டேங்க்.

பம்ப் ஸ்பானரைப் பார்த்தது. "எல்லோரையும் கழற்றியவன் நீ. நீயாவது சொல்லேன்."

"கை திருப்புகிற பக்கம் திரும்புவதுதான் என் பிழைப்பு. நியாயம் பேசினால் துருப்பிடித்துக் கிடக்க வேண்டியதுதான்" என்று சொல்லிக்கொண்டே ஸ்பானர் பம்பைக் கழற்றியது.

பம்பின் வாயிலிருந்து தண்ணீர் மணலில் சொட்டியது. குப்பை டிரம்மில் கிடந்த மூவரும் அதைக் கண்ணாரக் கண்டார்கள்.

"தண்ணீர் யார் வாயிலிருந்து வந்தது என்பதற்கு நீங்கள்தானே சாட்சி?" என்று செருமிக்கொண்ட டேங்க், அவர்கள் எதிரிலேயே குற்றவாளியின் பெயரை உரக்க அறிவித்தது:

"பெட்ரோல் பம்ப்."