இரண்டு பஸ் நீளம்

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்குள் அவன் வலது கால் பிரேக்கில் இருந்தது.

அடுத்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

மறுபடியும் பிடித்துவிட்டான்.

உதடு அசையக் கூடாது. உள்ளுக்குள்ளேயே எண்ண வேண்டும். எதிரே மூன்று கேமராக்கள். முழங்காலிலும் கணுக்காலிலும் ஒட்டியிருக்கும் வெள்ளிப் பொட்டுகளைத்தான் அவை பார்க்கும், முகத்தைப் பார்க்காது என்று பரிசோதனை எடுக்கும் பெண் சொல்லியிருந்தாள். இருந்தாலும் யாரை நம்புவது.

பழைய பஸ் சீட் ஒன்றைப் பலகையில் பொருத்தி, அதற்கு முன்னால் இரண்டு பெடல் வைத்திருந்தார்கள். ஸ்டியரிங் இல்லை. ஹாரன் இல்லை. ஆக்ஸிலேட்டரில் காலை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். விளக்கு எரிந்ததும் பிரேக்குக்கு மாற்ற வேண்டும். பத்தொன்பது வருஷம் மதுரைக்கும் சிவகங்கைக்கும் பஸ் ஓட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா என்று, ஆய்வகத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது நினைத்திருந்தான்.

முதல் விளக்கிலேயே அந்தத் திமிர் இறங்கிவிட்டது.

கால் வரவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் வாதம் வந்து போன கால். நடக்கிறது. படி ஏறுகிறது. வெள்ளிக்கிழமை கோயிலைக்கூடச் சுற்றுகிறது. பெடலிலிருந்து பெடலுக்குத் தாவு என்றால் மட்டும் யோசிக்கிறது.

மூன்றாவது விளக்கில்தான் அவனுக்கு உறைத்தது. நாலு எண்ணினால் விளக்கு வருகிறது. ஒவ்வொரு தடவையும் அதே நாலு.

அப்புறம் விளக்குக்காக யார் காத்திருப்பார்கள்? மூன்று எண்ணும்போதே காலைக் கிளப்பத் தொடங்கினான்.

இங்கிருந்து ‘தகுதி’ என்று ஒரு தாள் போனால் திங்கட்கிழமை வண்டி. போகாவிட்டால் டிப்போ கேட்டில் நின்றுகொண்டு, தன் வண்டியை இன்னொருத்தன் வெளியே எடுப்பதைப் பார்க்க வேண்டும்.

பத்து விளக்கும் முடிந்தது.

அவள் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். சின்ன வயசு. பெனிட்டா என்று வெள்ளைக் கோட்டில் பெயர் குத்தியிருந்தது. திரையைப் பார்த்தாள். ஒரு எண்ணை விரலால் தொட்டாள். அடுத்ததைத் தொட்டாள்.

சிரிப்பைக் காணோம்.

“சேவுகன் அண்ணே, இவ்ளோ வேகம் யாருக்குமே வராது. வெளிச்சம் கண்ணுல பட்டு, கால் கிளம்பவே இதைவிட நேரமாகும்.”

அவன் பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது சுட்டது.

அவள் எதையோ திறந்து பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “தப்பு என் மேலதான். நேத்து ஸ்டூடண்ட்ஸுக்குக் காட்டுறதுக்காக எல்லா இடைவெளியும் ஒண்ணா வச்சிருந்தேன். மாத்த மறந்துட்டேன். இன்னொரு பத்து பார்த்துருவோம்ணே.”

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

விளக்கு எரியவில்லை.

கால் மட்டும் பிரேக்குக்குப் போயிருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி அதை இழுத்துப் பழைய இடத்தில் வைத்தான்.

ஐந்து. ஆறு.

ஏசி ஓடும் சத்தம். அந்தக் குளிரிலும் அவனுக்குக் கழுத்தில் வேர்த்தது.

ஏழு.

எட்டு.

எரிந்தது.

குதிகால் எழுந்தது. நுனி எழவில்லை. பெருவிரல் பிரேக்கின் ஓரத்தில் இடித்து நின்றது. பல்லைக் கடித்து, இடுப்பைத் தூக்கி, தொடையோடு சேர்த்துத் தள்ளித்தான் மிதிக்க முடிந்தது.

பத்து தடவையும் இப்படித்தான். சில விளக்கு உடனே வந்தது. சில வரவே வராது போலிருந்தது.

கடைசியில் திரையில் ஒன்று புள்ளி நாலு என்று நின்றது. நொடிக் கணக்காம். அவனுக்கு அது பிடிபடவில்லை.

“அறுபதுல போறப்ப இது எம்புட்டுத் தூரம்மா?”

அவள் போனில் பெருக்கிப் பார்த்தாள். “இருபத்து மூணு மீட்டர்.”

இரண்டு பஸ் நீளம். பிரேக்கைத் தொடவே இரண்டு பஸ் நீளம். அதற்குமேல்தான் வண்டி நிற்க ஆரம்பிக்கும்.

எல்லோருக்கும் எவ்வளவு என்று கேட்டான். அதில் பாதி என்றாள்.

மீதிப் பாதியில் என்னவெல்லாம் வரும் என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். வழியில் பூவந்தியில் பள்ளிக்கூடம் விட்டதும், நிற்கிற லாரிக்கு முன்னாலிருந்து பிள்ளைகள் திடீரென்று ஓடிவருவார்கள். ஒரு தடவை ஒரு பிள்ளையின் தண்ணி பாட்டில் பம்பரில் தட்டி உருண்டது. பாட்டில் மட்டும்தான். அன்றைக்கு ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

அவள் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

“முதல் பத்தும் மெஷின்ல அப்படியேதான் இருக்குண்ணே. அதை மட்டும் சராசரி எடுத்தா பாஸ். டாக்டர் ஒவ்வொண்ணா திறந்தெல்லாம் பார்க்க மாட்டாரு.”

அந்த நிமிஷம் அவனுக்கு அவள் மேல் அப்படியொரு பிரியம் வந்தது. தலையை ஆட்டினால் போதும். காக்கி துவைத்து இஸ்திரி போட்டுக் கொடியில் தொங்குகிறது.

பிரேக்கிலிருந்து காலை எடுக்கப் பார்த்தான். களைத்துப்போன கால் அசையவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தான். அவன் நிமிர்கிறவரை அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரோட்டுல யாரும் எண்ணிக்கிட்டு வரமாட்டாய்ங்கம்மா.”

அவள் மவுஸில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப எதை அனுப்பட்டும்ணே? முதல் பத்தா, ரெண்டாவது பத்தா?”



இரண்டு விரலைக் காட்டினான்.